சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார்: யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?

வாசகர் கேள்வி – 2024 ஜூன் 9

பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எனக்கு விலைக்கு வருகிறது. நகருக்குள் கார்கள் 60 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று காவல்துறை வரம்பு வைத்துவிட்டது. தெருவுக்குத் தெரு வேகத்தடை. மீதியை மெட்ரோ பணிக்காகத் தகரம் வைத்து மறித்திருக்கிறார்கள். இந்த ஊரில் அப்படியொரு வண்டியை வைத்துக்கொள்வது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்பதுதான் என் கருத்து. வைத்திருப்பவர் யாராவது மறுக்க முடியுமா?

2024 ஜூன் 9, இரவு

வைத்திருப்பவன் நான், ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். 2010இல் பதிவான ஜெர்மன் வண்டி. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், பின்சக்கர இழுவை, பொத்தானை அழுத்தினால் மடிந்து டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை. பெயரும் நிறமும் வேண்டாம், இந்த நகரத்தில் இந்த ரகம் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருப்பதால், சொன்னால் என் வீட்டு வாசல் வரை வந்துவிடுவீர்கள்.

நோட்டில் எழுதிவைத்த கணக்கு இதோ. ஆறு ஆண்டுகளில் ஓடியது 11,400 கிலோமீட்டர். பெட்ரோலும் இன்சூரன்ஸும் நீங்கலாகச் செலவு 7,30,000 ரூபாய். அதில் பேட்டரி இரண்டு முறை 44,000, டயர் நான்கு 1,18,000, கூரையின் மோட்டார் 1,60,000, எலி கடித்த வயர் 38,000, துருப்பிடித்த பிரேக் தட்டுகளும் பேடுகளும் 95,000. கூட்டிப் பாருங்கள், 4,55,000 வரும். இந்த ஐந்தில் ஒன்றுகூட வண்டியை விரட்டி ஓட்டியதால் வந்ததல்ல, ஐந்துமே வண்டி நின்றதால் வந்தவை. ஆகவே யானை உவமையை ஏற்கிறேன், ஆனால் எனக்குத் தீனியைவிடக் கட்டிப்போட்டதுதான் அதிகச் செலவு வைத்தது.

பெட்ரோல் என்றால் 100 ஆக்டேன்தான். அதைப் போட்டால் வண்டியின் வேகமே வேறு.

2024 ஜூன் 10

60 கிலோமீட்டர் வரம்பைப் பற்றி நேற்று பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கத்திப்பாரா மேம்பாலத்தின் சுழல் பாதை ஒன்றில் ஏறுங்கள். இடப்புறமாகவே முக்கால் வட்டம் சுற்றும் அந்தப் பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, வண்டியின் எடை மெல்ல வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்வதையும், பிடித்த பிடியை மாற்றாமலேயே ஸ்டியரிங் கையில் கனப்பதையும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை அரை விரல் எடுத்ததும் முகப்பு ஒரு முழம் உள்ளே திரும்புவதையும் நீங்கள் உணர்வீர்கள். பின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் இவை எல்லாம் முதலில் முதுகுக்குத் தெரிகின்றன. கண்ணுக்கு அப்புறம்தான் தெரிகின்றன. என் மனைவியின் ஹேட்ச்பேக்கும் அதே வளைவில் அதே வேகத்தில் போகும், ஆனால் என்னிடம் எதுவும் சொல்லாது.

இது விளம்பர வாசகம் போல இருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. இருந்தாலும் அழிக்கவில்லை.

2024 ஜூன் 16

வேகத்தடைகள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். அந்த வடிவில் இருந்தால் என் வண்டி தட்டாமல் தாண்டிவிடும். வீடு கட்டி முடித்தவர் மிஞ்சிய கலவையைக் கொட்டி, தம் வாசலுக்கு முன்னால் தாமே எழுப்பிக்கொண்ட வரப்புகள்தாம் தொல்லை. ஆதம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போக ஏழு வரப்புகள் உண்டு. அவற்றுள் மூன்றாவதையும் ஆறாவதையும் கோணலாகத்தான் ஏற வேண்டும். முதலில் இடது முன்சக்கரம், அது உச்சியைத் தொட்டதும் வலது, பிறகு அதே வரிசையில் பின்சக்கரங்கள். இதைச் செய்து முடிக்கும்வரை பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுப்பதில்லை. கூரையில்லாத உடற்கட்டு கோணலாக ஏறும்போது முறுக்கிக்கொள்வதால் கதவோர ரப்பர்களிலிருந்து ஒரு முனகல் வரும், அது நோயல்ல.

என் அம்மா ஒரே ஒரு முறை ஏறினார். மூட்டுவலிக்காரரை வெளியே எடுக்க நானும் காவலாளியும் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. "இது காரில்லைடா, சக்கரம் வச்ச பாய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனவர், அதன் பிறகு ஏறவே இல்லை. வாங்குவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களின் முழங்காலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூன் 30

கட்டிப்போடாதே என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, வாரம் ஒரு முறை வாசலிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்துவைத்தால் போதுமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். போதாது, அது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதல். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அரும்பாக்கத்தில் எனக்கு வேலை பார்த்துக் கொடுக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருநாள் ஆயில் மூடியைத் திருகிக் கையில் கொடுத்தார். உட்புறம் பால்கோவாவைத் தடவியது போல வெளுத்த பசை ஒட்டியிருந்தது. குளிர்ந்த என்ஜினுக்குள் உருவாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் முள் எட்டு நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடுவதைப் பார்த்து வண்டி சூடாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம், ஆனால் ஆயிலுக்கு அதைப் போல இரண்டு பங்கு நேரத்துக்கு மேல் ஆகும். பத்து நிமிடத்தில் அணைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யப் பறிபோன மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்புவதில்லை. இப்போது பத்து நாட்களுக்கு ஒரு முறை, குறைந்தது 40 கிலோமீட்டர். முடியாத வாரங்களில் பேட்டரி சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடாமல் விட்டுவிடுகிறேன்.

எலிக்குப் பானெட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மூன்று மாதம் எலி வரவில்லை, வண்டிக்குள் உட்கார்ந்தால் எனக்குத்தான் தலை சுற்றியது.

2024 ஜூலை 14

டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. என் வண்டியுடன் வந்த டயர்களில் அந்த எண்தான் இருந்தது. பள்ளம் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தபடியால், யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போல 2022 வரை இழுத்தேன். வெயிலில் நின்று நின்று ரப்பர் நகத்தால் அழுத்தினாலும் பதியாத அளவுக்கு இறுகிவிட்டிருந்தது. முதல் தூறலில், ஓ.எம்.ஆர். சிக்னலில் புறப்படும்போது, நடந்து போகிறவரின் வேகத்தில் வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் நகர்ந்தது. அப்போது நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கக்கூட இல்லை, தொட்டிருந்தேன்.

முன்னால் 225 மில்லிமீட்டர், பின்னால் 255 என்று அகலம் வேறுபடுவதால் முன்டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்டவும் வழியில்லை. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு இத்தகைய அளவுகளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நான் ஏழு வாரம் காத்திருந்தேன். விலை பேசும்போதே நான்கு டயர்களின் எண்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பர் 2

தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தடம் போட்டு இரவில் நடந்த கார் பந்தயத்தை நேற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது, ஒரு வழியாக நடந்துவிட்டது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்: சத்தம் நெஞ்சுக்கூட்டில் கேட்டது.

என் அப்பா சோழவரத்தின் ஆள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குத் தயிர்ச்சாதமும் ஈரத்துண்டுமாகப் பேருந்தில் போய் வந்தவர். "காரைப் பார்த்தோம்னு சொல்ல முடியாது, புழுதியைப் பார்த்தோம்" என்பார். பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நிரந்தரத் தடம் வந்தது. அங்கே தடத்தை வாடகைக்கு எடுத்த ஒரு குழுவோடு சேர்ந்து 2021இல் நான் என் வண்டியை ஓட்டினேன். நான்காவது சுற்று வரை நான்தான் அடுத்த நரேன் கார்த்திகேயன் என்ற நினைப்பில் இருந்தேன். ஐந்தாவது சுற்றின் முதல் வளைவில் பிரேக்கை மிதித்தபோது கால் பஞ்சுமூட்டையில் புதைந்தது போல உள்ளே போனது. இரண்டு முறை விட்டு விட்டு மிதித்துத்தான் வேகத்தைக் குறைத்தேன்.

காரணம் எளியது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் குமிழி, குமிழி அமுங்குவதால் மிதியும் அமுங்கும். கடல் காற்று வீசும் ஊரில் மூன்றாண்டுகள் மாற்றாமல் விட்டது என் தவறு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். ஜூன் 9 அன்று எழுதிய கணக்கில் ஐந்து செலவுகளும் வண்டி நின்றதால் வந்தவை என்றேன் அல்லவா? பிரேக் பேடுகளை மட்டும் இந்த ஐந்து சுற்றுகளும் சேர்ந்தே தின்றன என்பதை நேர்மையாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

2024 அக்டோபர் 15

சிவப்பு எச்சரிக்கை வந்ததும் நேற்று மாலையே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. என்னுடையதும் அந்த வரிசையில் நிற்கிறது. 2023 டிசம்பரில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது இது நண்பர் ஒருவரின் வீட்டில், ஏற்றமான இடத்தில் நின்று தப்பியது. பக்கத்து வீட்டுக்காரரின் கார் தப்பவில்லை. தண்ணீர் வடிந்ததும் அவர் செய்த முதல் காரியம் ஸ்டார்ட் செய்து பார்த்தது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்தது. என்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டிய இன்சூரன்ஸ் இருந்தால் ஒழிய இந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும். தண்ணீர் ஏறிய வண்டியின் சாவியைத் தொடாமல் பேட்டரியைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியை அழையுங்கள்.

மழை என்றதும் கூரை மோட்டாரின் 1,60,000 ரூபாய் கதையையும் சொல்லிவிடுகிறேன். மடிகிற கூரையின் ஓரங்களில் விழும் தண்ணீர் இரு பக்கமும் துளை வழியாக ரப்பர் குழாயில் இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் தரையில் வடியும். நான் வண்டி நிறுத்துவது வேப்பமரத்தடி. சித்திரையில் உதிர்ந்த வேப்பம்பூவும் அதன் மேல் படிந்த தூசியும் துளையில் அடைத்து, காய்ந்து, அடைபோல் இறுகிவிட்டன. ஐப்பசி மழை இறங்க வழியில்லாமல் டிக்கிக்குள் நிரம்பியது. கூரையைத் தூக்கும் ஆயில் பம்ப்பும் மோட்டாரும் டிக்கியின் அடிப்பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது 2021 நவம்பரில், முட்டுக்காடு படகுக்குழாம் எதிரே. வெயில் அடித்ததால் கூரையைத் திறந்துவைத்து வந்தவன், தூறல் தொடங்கியதும் நிறுத்திப் பொத்தானை அழுத்தினேன். டிக்கி மூடி பின்புறமாக எழுந்தது, கூரை பாதி விரிந்து படமெடுத்த பாம்பு போல நின்றது, மோட்டார் ஒரு முறை கரகரத்து அடங்கியது. மழை வலுத்தது. டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் மீன் கூடைகளை மூடும் நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் வண்டியின் மேல் போர்த்தினார். பிறகு அவரும், படகு ஏற வந்த கல்லூரி மாணவர் மூவருமாகக் கூரையைக் கையால் தள்ளிப் பொருத்தினோம். வேலை முடிந்ததும் பெரியவர் கேட்டார்: "தகரக் கூரை எங்க வீட்லயும் இருக்கு தம்பி. அதை ஏன் திறக்கணும்?"

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை சைக்கிள் பிரேக் கம்பியை அந்தத் துளைக்குள் விட்டுக் குத்தி எடுக்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

2024 அக்டோபர் 17

வண்டி பத்திரமாக வீடு வந்துவிட்டது. இரவு ஒரு மணிக்குக் குடையோடு பாலத்தில் ஏறி அதைப் பார்க்கப் போனேன் என்பதை மனைவியிடம் சொல்லவில்லை. அங்கே தம் பழைய மாருதியை அதே காரணத்துக்காகப் பார்க்க வந்தவர் ஒருவர் இருந்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

2025 ஜனவரி 12

மார்கழி. சென்னையில் கூரையைத் திறந்து ஓட்டத் தகுந்த மாதம் இதுவும் தையும்தான். மற்ற பத்து மாதங்களில் விடிவதற்கு முன்னால் மட்டுமே திறக்கலாம், பகலில் திறப்பவர் புதிதாக வாங்கியவர்.

நேற்று ஏலகிரி. விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பேருந்து ஏறும் சாலை, ஆகவே ஓரிடத்திலும் 45ஐத் தாண்டவில்லை, தாண்டவும் கூடாது. ஒவ்வொரு வளைவுக்கும் நேர்ச்சாலையிலேயே பிரேக் பிடித்து முடித்து, திரும்பும்போது பிரேக்கை முழுக்க விட்டு, வளைவின் மறுமுனை கண்ணில் பட்டபின் மெல்ல மிதித்தால், பின்சக்கரங்கள் அழுந்தித் தள்ளுவது இடுப்பில் தெரியும். பாரி வளைவில் இதை முற்றிலும் கோட்டைவிட்டேன். அதிகமாகத் திருப்பி, நடுவில் பிரேக்கைத் தொட்டு, முகப்பு அகலப் போய்விட்டது. முல்லைக்குத் தேரை விட்டுவிட்டு நடந்து போனவன் பெயரில் உள்ள வளைவில் தேரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது சரியா என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

ஜூன் 10 அன்று கத்திப்பாராவைப் பற்றி எழுதியதை இப்போது படித்தால் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கத்திப்பாராவில் நூறு முறை சுற்றிய கைதான் ஏலகிரியில் பதினான்கில் பதின்மூன்று வளைவுகளைச் சரியாக எடுத்தது.

2025 மே 11

பதினைந்து ஆண்டு முடிந்ததால் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றைப் புதுப்பித்தேன். உள்நாட்டில் செய்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியான காருக்கு 40,000. பசுமை வரி தனி. இது யாரும் விலை பேசும்போது சொல்லாத கணக்கு. ஐந்தாண்டுக்கு ஒரு முறை இது மறுபடியும் வரும்.

முந்தைய உரிமையாளர் போட்டிருந்த கூச்சல் சைலன்சரை ஆய்வுக்கு முன்பே கழற்றி, கம்பெனி சைலன்சரைத் தேடிப் பொருத்தினேன். பதிவில் உள்ள அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்திருக்கிறது. வேண்டாவெறுப்பாகத்தான் செய்தேன். கழற்றிய பிறகே இந்த என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் தன் சொந்தக் குரலில் எப்படிப் பாடும் என்பதைக் கேட்டேன். ஏழு ஆண்டுகளாக வேறொருவருடைய ரசனையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 24

இரண்டு திருத்தங்கள்.

முதலாவது, 100 ஆக்டேன் போட்டால் வேகமே வேறு என்று முதல் நாள் எழுதியது பிதற்றல். ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்; அது வலிமை அல்ல. என் வண்டியின் கையேடு 95 போதும், 98 நல்லது என்கிறது. 95க்குக் குறைந்ததைப் போட்டால் என்ஜின் தட்டாமல் இருக்கத் தீப்பொறியைத் தாமதப்படுத்திக்கொள்வதால் சற்று மந்தமாக ஓடும். 98ஐத் தாண்டினால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. நான் உணர்ந்த வேகம் லிட்டருக்கு 160 ரூபாய் கொடுத்தவனின் வேகம்.

இரண்டாவது, அப்படியும் மழைக்காலத்துக்கு முன் அதைத்தான் நிரப்பப் போகிறேன், காரணம்தான் மாறிவிட்டது. இப்போது எல்லாப் பெட்ரோல் நிலையங்களிலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் அதே அளவு பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே இருப்பதால் மைலேஜ் குறைவது இயல்பு. தினமும் ஓடும் வண்டிக்கு அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், என்னுடையது போல வாரக்கணக்கில் நிற்கும் 2010 வண்டியின் ரப்பர் குழாய்கள் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. எரிபொருள் குழாய்களை மாற்றச் சொல்லியிருக்கிறேன், 100 ஆக்டேனில் எத்தனால் இல்லை என்பதால் நீண்ட ஓய்வுக்கு முன் அது.

20 ஆண்டு கடந்த இறக்குமதிக் காரின் புதுப்பிப்புக் கட்டணம் இந்த மாத அறிவிப்பில் 80,000 ஆகிவிட்டது. 2030ஐப் பற்றி இப்போது யோசிக்கப் போவதில்லை.

2025 அக்டோபர் 5

கேள்வி கேட்ட நண்பர் வாங்கிவிட்டார்! நேற்று என் வீட்டுக்கு ஓட்டிவந்தார். மூன்றாவது வரப்பில் நேராக ஏறி அடி தட்டிய சத்தம் இரண்டாவது மாடிக்குக் கேட்டது. டயர் எண்களைப் பார்த்தோம், 1122, பரவாயில்லை. அவருடையதும் மடிகிற கூரைதான், நிறுத்துவது புங்கமரத்தடியில்.

அவருடைய வண்டியின் துளைகளைப் பார்த்தபோதுதான் என் வண்டியையும் தூக்கிப் பார்த்தோம். கடந்த ஆண்டு நான் பரிந்துரைத்த சைக்கிள் பிரேக் கம்பி, இடப்பக்கக் குழாயை உள்ளே குத்திக் கிழித்திருக்கிறது. அடைப்பு இல்லை என்று நான் மகிழ்ந்திருந்த தண்ணீரில் பாதி, கம்பளத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கம்பி வேண்டாம். காசிமேட்டில் மீன்பிடி சாமான் கடையில் பருமனான தங்கூஸ் நரம்பு மீட்டர் கணக்கில் கிடைக்கும்; அதன் முனையை மெழுகுவத்தியில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுங்கள், தள்ளாதீர்கள். மறுமுனை சக்கரத்தடியில் எட்டிப் பார்த்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அவ்வளவும் தரைக்கு வருகிறதா என்று பாருங்கள். நண்பருடையதில் முக்கால் சொம்புதான் வந்தது. புதன்கிழமை மறுபடியும் பார்க்கப் போகிறோம்.